சீரங்கி பெங்களூருக்குப் போயிருக்கிறாள்

தொட்டியில் வெந்நீர் ஊற்றி, ஒரு பிடி உப்பைப் போட்டுக் கையால் அலசியபோது அலமேலுவுக்குச் சூடு உறைக்கவில்லை. பார்லர் நாற்காலியில் சாய்ந்திருந்த அம்மா காலை வைத்த வேகத்தில் வெளியே இழுத்துக்கொண்டபோதுதான் உறைத்தது. "கொதிக்குதேம்மா," என்றார் அவர், கோபமில்லாமல். "சாரிங்க மேடம்," என்று ஒரு மக் பச்சைத் தண்ணீரை விட்டு, மறுபடி கையை விட்டுப் பார்த்தாள். இப்போதும் ஒன்றும் தெரியவில்லை, கை தன்னுடையதாகவே இல்லை. கீழே ராமாயி அத்தை உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு மாடிக்குக் கீழே, மாலின் மதிலோரத்து நிழலில், ஒரு கட்டைப் பையும் துணிப்பைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கோழியுமாக உட்கார்ந்திருக்கிறாள். சீரங்கி பெங்களூருக்குப் போயிருக்கு அத்த, கம்பெனியிலயே அனுப்பிட்டாங்க. காலையிலிருந்து இதைத்தான் வாய்க்குள் போட்டுச் சப்பிக்கொண்டிருக்கிறாள் அலமேலு. சப்பச் சப்பச் சக்கையாகிப் போன சொற்கள். எந்த இடத்தில் அத்தை குறுக்கே கேட்பாள் என்பதுதான் பிடிபடவில்லை. எப்ப வருவா என்பாள். தீபாவளி கழிச்சு அத்த. தீபாவளி இதோ வாசலில் நிற்கிறது, மால் முழுக்கச் சீரியல் பல்பு தொங்குகிறது, அதனால் தீபாவளி வேண்டாம், பொங்கலுக்கு. பொங்கலுக்கு என்று சொன்னால் பொங்கல் வந்ததும் மறுபடி பஸ் ஏறிவிடுவாள், அதற்குள் சீரங்கிக்கு, இல்லை, அதை இப்போது நினைக்கக் கூடாது. "கால இப்ப வச்சுப் பாருங்க மேடம்." அந்த அம்மா வைத்தார். "ம், இது இதமா இருக்கு," என்று கண்ணை மூடிக்கொண்டார். வெளுத்த பாதம், குதிகாலில் மெல்லிய வெடிப்பு, பெருவிரலுக்கு அடுத்த விரலில் பழைய மெட்டியின் தடம். அலமேலு குட்டை ஸ்டூலை இழுத்துப் போட்டு அதற்கு முன்னால் உட்கார்ந்தாள். அவள் சட்டையில் குத்தியிருந்த பித்தளைத் தகட்டில் அனு என்று எழுதியிருந்தது. அலமேலு என்றால் பாட்டிமார் பேர் மாதிரி இருக்கிறது, கஸ்டமருக்கு வாயில் நுழையாது என்று முதல் வாரமே மேனேஜர் ஷீலா மேடம் வைத்த பேர் அது.

காலையில் போன் வந்தபோது அவள் ஹாஸ்டல் குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தாள். தெரியாத நம்பர். "அலமேலுதானே, இந்தா உங்க அத்தையாம், பேசு," என்று ஒரு ஆண்குரல், அப்புறம் பஸ் இரைச்சலுக்கு நடுவே ராமாயி அத்தை. "காந்திபுரத்துல எறங்கிட்டேன் கண்ணு. எம் போன்ல சார்ஜு இல்ல. எந்தப் பக்கமா வரணும்?" கல்வராயன் மலையில் கருமந்துறைக்கும் மேலே நாவமரத்து வளவு என்கிற குக்கிராமத்திலிருந்து, ஆத்தூர் வந்து, சேலம் வந்து, விடிய விடிய உட்கார்ந்தபடியே கோயம்புத்தூர் வந்திருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. "அவ நம்பரு போவ மாட்டேங்குது. நீயும் வேலைக்குப் போயிருக்கா வேலைக்குப் போயிருக்கான்னு சொல்ற. ஒருக்கா மூஞ்சியப் பாத்துட்டு அடுத்த வண்டியிலயே திரும்பிடறேன்." வர வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, வந்தே விட்டவளிடம். தீபாவளிக் கூட்டத்தில் லீவு கேட்டால் வேலையே போய்விடும். மாலுக்கு வரும் டவுன் பஸ் நம்பரைச் சொல்லிவிட்டுக் குளிக்காமல்கூட ஓடி, மூன்றாம் மாடியில் சாப்பாட்டுக் கடைகள் இருக்கும் இடத்துக்குப் போய், ஐஸ்கிரீம் கடையில் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்த சீரங்கியின் கையைப் பிடித்தாள். சீரங்கிக்கும் இங்கே வேறு பேர், ஸ்ரீநிதி. "உங்கம்மா வந்திருக்குதுடி." ஷட்டர் பாதியில் நின்றது. சீரங்கியின் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை அலமேலு பார்த்தாள், சும்மா சொல்வதில்லை, உதடுகூட வெளுத்துப் போனது. "எங்க?" "பஸ்ல வந்துக்கிட்டிருக்குது. இங்கதான்." "இங்கயா?" அவள் கை தானாகப் போய் வயிற்றின் மேல் உட்கார்ந்தது. ஏப்ரனுக்கு அடியில் நன்றாகவே மேடு தட்டிவிட்டிருந்தது வயிறு. "பெங்களூருக்குப் போயிட்டேன்னு சொல்லு. கம்பெனியிலயே அனுப்பிட்டாங்கன்னு சொல்லு. உன் கால்ல விழறேன் அலமேலு." "ஒரு நிமிசம் பாத்துட்டுப் போயிடும்டி. ஒண்ணும் கேக்காது." "நாலு மணிக்கு பிரவீண் வண்டி எடுத்துக்கிட்டு வருவாரு. எங்கம்மா செத்துப் போச்சுன்னு நினைச்சுக்கிட்டிருக்கற மனுசன். அவரு முன்னாடி போய் எங்கம்மாவ நிறுத்தச் சொல்றியா?" இந்தக் காலின் நகக்கண்ணில் கிரீமைத் தடவும்போதும் அலமேலுவின் காதில் அதுவே கேட்டுக்கொண்டிருந்தது.

"உனக்கு எந்த ஊரும்மா?" கண்ணை மூடியபடியே அந்த அம்மா கேட்டார். "சேலம் பக்கம்ங்க மேடம்." "சேலத்துல எங்க?" "ஆத்தூருங்க." "ஆத்தூர்ல எங்க? என் வீட்டுக்காரர் அங்க பேங்க்ல இருந்தாரு, மூணு வருஷம் குடியிருந்தோம்." கையிலிருந்த குச்சி ஒரு கணம் நின்றது. ஆத்தூரில் எங்கே என்று யாரும் கேட்டதில்லை. ஆத்தூர் என்றால் அதோடு விட்டுவிடுவார்கள். அவளுக்குத் தெரிந்த ஆத்தூர் பஸ் ஸ்டாண்டும் அதற்கு எதிரே இருந்த போட்டோக் கடையும்தான். "பஸ் ஸ்டாண்டு பக்கம்ங்க," என்றாள். "அப்படியா," என்றார் அந்த அம்மா, அதோடு விட்டார், அல்லது விட்டுக்கொடுத்தார். ஆத்தூர் என்று முதலில் சொல்லத் தொடங்கியது சீரங்கிதான். வந்த புதிதில் இரண்டு பேரும் வெள்ளந்தியாக மலையூர் என்றே சொன்னார்கள். பன்னிரண்டாவது முடித்த கையோடு, பெண் பிள்ளைகளுக்கு வேலைப் பயிற்சி என்று யாரோ பள்ளிக்கூடத்துக்கு வந்து பேர் எழுதிக்கொண்டு போய், மூன்று மாதப் பயிற்சி, பிறகு வேலை, தங்க ஹாஸ்டல். அந்த முதல் ஹாஸ்டலில் ஒரு நாள் ஒருத்தியின் செயின் காணாமல் போனது. அறையில் பதினைந்து பேர் படுத்திருந்தார்கள். வார்டன் வந்ததும் நேராக இவர்கள் இரண்டு பேர் பெட்டியிடம்தான் வந்தாள். பெட்டியைக் கவிழ்த்தாள். பாவாடையை உதறினாள். சீரங்கியின் பின்னலை அவிழ்த்து விரலை விட்டுத் துழாவினாள். "மலையிலருந்து வந்ததுங்க, அதுங்களுக்குத் தங்கத்தப் பாத்தா கை சும்மா இருக்குமா," என்று பின்னாலிருந்து ஒரு குரல். சாயங்காலம் செயின் அதைத் தொலைத்தவளின் நைட்டிப் பையிலேயே இருந்தது. அவள் சிரித்தாள், எல்லோரும் சிரித்தார்கள், வார்டன்கூட சிரித்தாள். சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லோரும் போய்விட்டார்கள். சீரங்கி மட்டும் சிதறிக் கிடந்த துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து பின்னலைப் பின்னிக்கொண்டிருந்தாள், பின்னி முடித்து அவிழ்த்து, மறுபடி பின்னி. அன்றைக்கு அவள் அழவில்லை. அடுத்த ஹாஸ்டலுக்கு மாறியபோது, எந்த ஊர் என்று கேட்டவளிடம் முந்திக்கொண்டு ஆத்தூர் என்றாள்.

அழுதிருக்கலாம். அழுதிருந்தால் இத்தனை தூரம் வந்திருக்காதோ என்று அலமேலு நினைப்பதுண்டு, நினைத்துவிட்டு, அழுகைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றும் நினைப்பதுண்டு. பிரவீண் நல்ல பையன், அதுதான் கஷ்டம். கெட்டவனாக இருந்தால் அவனை விட்டு வாடி என்று சொல்லிவிடலாம். செல்போன் கடையில் வேலை, சிங்காநல்லூரில் சொந்த வீடு, அப்பா இல்லை, அம்மா மட்டும். உங்க அப்பா அம்மா என்று அவன் முதல் முதலாகக் கேட்டபோது, அப்பா இல்லை என்றாளாம் சீரங்கி. அது நிஜம், அவள் அப்பா அவள் சின்னதாக இருக்கும்போதே காப்பித் தோட்டத்து வேலைக்குப் போன இடத்தில் காய்ச்சலில் போய்விட்டார். அம்மாவும் இல்ல என்று அடுத்த மூச்சில் வந்துவிட்டது. "எப்படி வந்துச்சுன்னே தெரியலடி. சொல்லி முடிச்சதும் வாயப் பொத்திக்கிட்டேன். அவரு, அழாதன்னு என் தலையத் தடவினாரு. அதுக்கப்புறம் எப்படி மாத்தறது?" மருதமலையில் தாலி கட்டியபோது பெண் வீட்டுப் பக்கம் அலமேலு ஒருத்திதான் நின்றாள். ஒன்றுவிட்ட அக்கா என்று சொல்லி வைத்திருந்தாள் சீரங்கி. பிரவீணின் அம்மா அலமேலுவின் தாடையைத் தொட்டு, "நீயாவது இருக்கியே இந்தப் புள்ளைக்கு," என்றாள். அன்றைக்குக்கூடப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. பொறுக்க முடியாதது ஆடி அமாவாசைதான். வீட்டுக்காரருக்குப் படைக்கும்போது மருமகளின் தாய் தகப்பனுக்கும் சேர்த்துப் படைத்துவிடலாம் என்று நல்ல மனசோடுதான் பிரவீணின் அம்மா நினைத்தாள். அலமேலுவையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். மூன்று இலை போட்டு, வடை, பாயசம், வாழைக்காய்ப் பொரியல் எல்லாம் வைத்துவிட்டு, "உங்கம்மா பேரு என்ன கண்ணு?" என்று கேட்டாள். சீரங்கி இலையைப் பார்த்தாள். "ராமாயி." அந்தப் பேரைச் சொல்லி மாமியார் மூன்றாவது இலையில் நீர் விளாவினாள். சோற்றை உருட்டி மொட்டை மாடிக்கு எடுத்துப் போய்க் காகா என்று கூப்பிட்டாள். அதே நேரத்தில் ராமாயி அத்தை மலையில் சாமைக்காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்திருப்பாள், அல்லது கிழங்கை அவித்துத் தின்றுகொண்டிருந்திருப்பாள், விக்கல் எடுத்ததோ என்னவோ. காகம் வந்தது. "பாத்தியா, உங்கம்மாவே வந்துட்டாங்க," என்றாள் பிரவீணின் அம்மா, கண் கலங்கி. அலமேலு அப்புறம் உட்கார்ந்து சாப்பிட்டாள். எல்லாவற்றையும் சாப்பிட்டாள். வடை நன்றாக இருந்தது. அதுதான் அவளால் பொறுக்க முடியவில்லை, வடை நன்றாக இருந்தது.

"கொஞ்சம் மெதுவா தேயும்மா." "சரிங்க மேடம்." கல்லை எடுத்துக் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் கையைத் தளர்த்தினாள். அப்போது இடுப்பருகே போன் அதிர்ந்தது. வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும், இன்றைக்கு மட்டும் சத்தத்தை நிறுத்தி ஏப்ரனுக்கு அடியில் சொருகி வைத்திருந்தாள். ஒரு முறை அதிர்ந்து நின்றது. மெசேஜ். எடுக்க முடியாது, இரண்டு கையிலும் நுரை, ஷீலா மேடம் கல்லாவில் நின்று எல்லா நாற்காலியையும் ஒரு கண்ணால் எண்ணிக்கொண்டிருக்கிறாள். சீரங்கியாகத்தான் இருக்கும். மணி என்ன? எதிர்க் கண்ணாடியில் கடிகாரம் இடம் வலம் மாறித் தெரிந்தது, முள் எந்தப் பக்கம் போகிறதென்று பிடிபடவில்லை. நாலாகியிருக்குமா? நாலு மணிக்கு பிரவீண் வருவான். எப்போதும் முன்வாசலில் பஸ் ஸ்டாப் பக்கம்தான் வண்டியை நிறுத்துவான். இன்றைக்கு என்ன சொன்னாள் சீரங்கி? காலையில் அவ்வளவு பேசியதற்குக் கடைசியில், ஷட்டரை முழுசாகத் தூக்கிவிட்டு ஒன்று சொன்னாளே. அம்மா முன்வாசல்ல ஒக்காந்திருக்கும், நான் அவரப் பின் கேட்டுக்கு வரச் சொல்லிடறேன். அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுத்தான் அலமேலு இறங்கி வந்தாள். அப்போது ராமாயி அத்தை இன்னும் வந்து சேரவில்லை. வந்து சேர்ந்தது பத்தரை மணிக்கு மேல். முன்வாசலில் செக்யூரிட்டி, கோழியை வைத்துக்கொண்டு இங்கே நிற்கக் கூடாது, கஸ்டமர் வருகிற இடம் என்று விரட்டிக்கொண்டிருந்தான். கீழே ஓடிப் போய் அத்தையின் கையைப் பிடித்து, சுற்றிக்கொண்டு, வண்டி நிறுத்துமிடத்தைத் தாண்டி, பூவரசமரத்து நிழலும் தண்ணீர்க் குழாயும் இருக்கிற இடமாகப் பார்த்து, நேரம் கெடச்சதும் வந்து எல்லாம் சொல்றேன் அத்த என்று உட்கார வைத்துவிட்டு வந்தது யார்? அவள்தான். அது எந்த இடம்? வேலை செய்கிறவர்கள் உள்ளே போய் வெளியே வருகிற பின் கேட். அலமேலுவின் கையிலிருந்து கல் நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. சீரங்கியிடம் அவள் அதைச் சொல்லவே இல்லை.

எழுந்து நின்றாள். "ரெண்டு நிமிசம்ங்க மேடம்," என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கல்லாவுக்குப் போனாள். ஷீலா மேடம் உதட்டில் சிரிப்பை மாற்றாமல், குரலை மட்டும் தாழ்த்தி, "கால ஊற வச்சுட்டு எங்க போற?" என்றாள். "கீழ எங்க அத்த வந்திருக்காங்க மேடம், ஒரே நிமிசம்." "காலையிலயும் அத்தன்னுதான போன? முடிச்சுட்டுப் போ அனு. ரெண்டு பேரு வெயிட்டிங்." திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். போனை எடுத்துப் பார்த்துவிடலாமா, எடுத்தால் இன்றோடு சரி, வேலை போனால் போகட்டும் என்று இருக்கிறதா, இல்லை, அப்படி இல்லை, இரண்டு தம்பிகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். தான் அப்படி நினைக்கிறவள் இல்லை என்பது அவளுக்கே வெட்கமாக இருந்தது. கிரீமைக் கையில் எடுத்து, கணுக்காலிலிருந்து மேலே நீவினாள். இப்போது சீரங்கி கேட்டைத் தாண்டுவாள். அத்தை எழுந்து நிற்பாள். அடியே சீரங்கி என்பாள், மலையில் ஒரு மேட்டிலிருந்து மறு மேட்டுக்குக் கூப்பிடுகிற அதே குரலில், அவளுக்கு வேறு குரல் தெரியாது. பிரவீண் ஹெல்மெட்டைக் கழற்றுவான். யாரு இவங்க என்பான். சீரங்கி என்ன சொல்வாள்? தெரியாது என்பாளா? சொல்லிவிடுவாள் என்றுதான் தோன்றியது. அம்மா இல்லை என்று ஒரே மூச்சில் சொன்னவள் இதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள், அதற்குப் பிறகு வாயைப் பொத்திக்கொள்வாள். அத்தையின் முகம் அப்போது எப்படிப் போகும் என்பதை அலமேலு நினைத்துப் பார்க்க முயன்றாள், முடியவில்லை, அந்த இடத்தில் நினைப்பு கால் வைக்க மறுத்தது. "ஆத்தூர்னு சொன்னியே," என்று ஆரம்பித்தார் அந்த அம்மா, "அங்கிருந்து ஒரு தடவ கல்வராயன் மலைக்கு அருவி பாக்கப் போனோம். என்ன குளிர்ச்சி. அந்த மலை ஜனங்க இருக்காங்களே, பாவம், ஒண்ணும் தெரியாதவங்க. வழி கேட்டா கூடவே நடந்து வந்து காட்டறாங்க." "ஆமாங்க மேடம்." "நீ போயிருக்கியா?" "இல்லீங்க மேடம்," என்றாள் அலமேலு.

இல்லீங்க என்ற அந்தச் சொல் வாயிலிருந்து வெளியே போனதும் அவளுக்குச் சீரங்கியைப் புரிந்தது. யோசித்துச் சொன்னதில்லை, வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. இத்தனை நாளும் மனசுக்குள் ஒரு ஓரத்தில் அவளை நிறுத்தி வைத்து விசாரித்துக்கொண்டே இருந்தாளே, எப்படிடி உனக்கு வாய் வந்தது என்று. இப்படித்தான் வந்தது. பயிற்சிக்கு ஆள் எடுக்க வந்த நாளில் அலமேலுவின் அப்பா ஒரேயடியாக மாட்டேன் என்று விட்டார். பெண்ணைப் பட்டணத்துக்கு அனுப்பி நாசம் பண்ணவா என்றார். ராமாயி அத்தைதான் வந்து வாசலில் குந்திக்கொண்டாள். "எம் பொண்ணு போறாண்ணா. தனியாப் போனா எனக்குத் தூக்கம் புடிக்காது. ஒம் பொண்ணும் போவட்டும், ஒருத்திய ஒருத்தி பாத்துக்குவாளுங்க." பொழுது சாயும் வரை நகரவில்லை. கடைசியில் அப்பா எழுந்து, சரி போ, என்று துண்டை உதறினார். பஸ் ஏற்றிவிட வந்த அன்று அத்தை சீரங்கியிடம் ஒன்றும் சொல்லவில்லை, அலமேலுவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்துக்க," என்றாள். அவ்வளவுதான். பாத்துக்க என்றால் என்ன? மருதமலையில் கூட நின்றது பார்த்துக்கொண்டதா? மூன்றாவது இலைக்கு முன்னால் உட்கார்ந்து வடை தின்றது பார்த்துக்கொண்டதா? ஒரு வருஷமாகப் போனில், நல்லாருக்கா அத்த, வேலைக்குப் போயிருக்கா அத்த, என்று சொன்னது யாரைப் பார்த்துக்கொண்டது? துண்டால் விரல் இடுக்கெல்லாம் ஒற்றி எடுத்து, நகத்துக்குப் பாலிஷ் வைக்கத் தொடங்கினாள். அந்த அம்மா எடுத்துக் கொடுத்தது வெளிர் ரோஸ் நிறம். என்ன நடந்தாலும் கை தன் வேலையைப் பார்க்கும், அதற்குத்தான் மூன்று மாதம் பயிற்சி. "கை சுத்தம்மா உனக்கு," என்றார் அந்த அம்மா, குனிந்து பார்த்து. ஏனோ அப்போதுதான் அலமேலுவுக்குக் கண்ணீர் முட்டியது. குனிந்தபடியே தொட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்த் தண்ணீரைக் கொட்டினாள்.

பின்படியில் இறங்கும்போது போனை எடுத்தாள். சீரங்கிதான். அம்மாவ ஏன்டி பின் கேட்டுல ஒக்கார வச்ச, உசுரே போயிடுச்சு. நல்லவேள செவுத்துப் பக்கம் திரும்பி ஒக்காந்திருந்துச்சு. பாக்கல. அலமேலு படியிலேயே நின்று அதை மறுபடி படித்தாள். பாக்கல. சுவரில் கை வைத்து மூச்சு விட்டாள். பாக்கல, அப்படியென்றால் ஒன்றும் நடக்கவில்லை, சீரங்கி பெங்களூருக்குத்தான் போயிருக்கிறாள். மீதிப் படிகளை ஓடியே இறங்கினாள்.

ராமாயி அத்தை பூவரச மரத்தடியில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சேலைத் தலைப்பு முக்காடாகக் கிடந்தது. கோழி பைக்குள் தூங்கிப் போயிருந்தது. "சாப்ட்டியா அத்த? ரொம்ப நேரமாக்கிட்டேன்." "அந்த வாச்மேன் தம்பி டீ வாங்கிக் குடுத்துச்சு கண்ணு. நீ தின்னியா? மெலிஞ்சு போயிட்ட." அலமேலு பக்கத்தில் குந்தினாள். இப்போதே சொல்லிவிட வேண்டும், நிறுத்தினால் முடியாது. "அத்த, சீரங்கி பெங்களூருக்குப் போயிருக்கு. கம்பெனியிலயே அனுப்பிட்டாங்க. திடீர்னு." அத்தை தலையை ஆட்டினாள். "பெங்களூரா." "ஆமா அத்த." "தூரமா அது?" "ராத்திரி பஸ் ஏறினா காலைல போயிடலாம்." "அங்க குளுருமா?" "குளுரும். கம்பளியெல்லாம் குடுத்திருக்காங்க." கேட்காத கம்பளி எங்கிருந்து வந்தது என்று அலமேலுவுக்கே தெரியவில்லை. "வேல ரொம்பக் கஷ்டமா?" "இல்ல அத்த, உக்காந்து பாக்கற வேலதான்." "நின்னுக்கிட்டே இருக்க வேணாம்ல?" "வேணாம் அத்த." "அப்ப சரி," என்றாள் ராமாயி அத்தை. ஒரு காரைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தான் ஒருவன், அது வளைந்து வெளியே போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதே குரலில், தாழ்த்தாமல், "எத்தினி மாசம் அவளுக்கு?" என்று கேட்டாள்.

அலமேலு துணிப்பையின் காதை முறுக்கினாள். "சொல்லு புள்ள. நா ஒண்ணும் செய்ய மாட்டேன். எத்தினி மாசம்?" "ஆறு அத்த." அத்தை விரலை மடக்கினாள். "கார்த்திகை, மார்கழி, தை. மாசி பொறந்ததும் வந்துரும்." மடக்கிய விரல்களை அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். "வெளிய வந்தாளா, மொதல்ல எனக்கு அடையாளம் தெரியல. முடிய வெட்டிக்கிட்டா போல. நடையப் பாத்துத்தான் கண்டுக்கிட்டேன். எந்திரிக்கலாம்னு கைய ஊனினேன். அதுக்குள்ள அந்தப் பையன் வண்டியக் கொண்டாந்து நிறுத்தினான். இவ சிரிச்சா. அப்பத்தான் வவுறு தெரிஞ்சுது. அவ இந்தப் பக்கம் திரும்பறதுக்குள்ள முக்காட்ட இழுத்து வுட்டுக்கிட்டு செவுத்தப் பாத்து ஒக்காந்துட்டேன்." "ஏன் அத்த? கூப்புட்டிருக்கலாம்ல?" "கூப்புட்டிருந்தா அவ என்ன பண்ணுவா, நீயே சொல்லு." அலமேலு கீழே கிடந்த பூவரச இலையைக் கிள்ளினாள். "ஒரு வருசமா நீ போன்ல வேல வேலங்கறப்பவே எனக்குத் தெரியும். நா வேணாம்னு இல்ல, என்னக் காட்ட முடியாத எடத்துல இருக்கறான்னு. உசுரோட இருக்கறாளான்னு பாக்கத்தான் வந்தேன். வண்டி போற சத்தம் ஓயற வரைக்கும் திரும்பல. அந்தப் பையன் மொள்ளத்தான் ஓட்டினான், சத்தத்துல தெரிஞ்சுது." அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு திருப்தி இருந்தது, அதைத்தான் அலமேலுவால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அத்தையின் முழங்கையில் முகத்தை வைத்துக்கொண்டாள். "அழுவாத. பாக்கறவங்க எதுனா நெனச்சுக்குவாங்க," என்றாள் அத்தை, தன் முக்காட்டை எடுத்து அவள் முகத்தைத் துடைத்துவிட்டு. "நா பாத்தேன்னு அவகிட்ட சொல்லாத. வவுத்துப் புள்ளக்காரி, மனசுல போட்டு உருட்டிக்குவா. பொறந்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் குடு. பேச வேணாம். பொண்ணுன்னா ரெண்டு வாட்டி, பையன்னா ஒரு வாட்டி. நா தெரிஞ்சுக்குவேன்."

காந்திபுரம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கோழியை மடியில் வைத்துக்கொண்டு, போ போ, உன்னத் தேடுவாங்க என்று கையை ஆட்டினாள் அத்தை. ஆத்தூர் போய்ச் சேர நடுச்சாமம் ஆகும், மலைக்கு விடிந்தால்தான் வண்டி, பஸ் ஸ்டாண்டிலேயே படுத்துக்கொள்வாள். பஸ் நகர்ந்ததும் திரும்பிப் பார்ப்பாள் என்று அலமேலு நின்றாள். அவள் திரும்பவில்லை, நேராகப் பார்த்துக்கொண்டே போனாள். சாலை முழுக்க சாயங்காலத்து வண்டிகள், துணிக்கடைப் பைகளோடு ஜனம். போன் அதிர்ந்தது. அம்மா போயிடுச்சா? அலமேலு, போயிடுச்சு என்று எழுதி அனுப்பினாள். உடனே அடுத்தது வந்தது. எதுனா கேட்டுச்சா? கட்டைவிரல் எழுத்துகளின் மேல் நின்றுகொண்டிருந்தது. சொல்லக் கூடாது என்றால் சொல்லக் கூடாதுதான். சொல்லாமல் இருந்தால் சீரங்கி நிம்மதியாகத் தூங்குவாள், பிள்ளை நல்லபடியாகப் பிறக்கும், மாசியில் யாருக்கும் தெரியாமல் மலையில் ஒரு போன் அடித்து நிற்கும். அது சரிதான். அது சரி என்று அவளுக்குத் தெரிந்தது, ஆனாலும் விரல் நகரவில்லை. மாடியிலிருந்து ஷீலா மேடம் கூப்பிடுவதற்குள் ஏதாவது எழுதியாக வேண்டும். எழுதினாள். பெங்களூர்ல குளுருமான்னு கேட்டுச்சு. அனுப்பிவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். பார்த்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு டிக்கும் நீலமாயின. அந்தப் பக்கம் சீரங்கி எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று காட்டியது. பிறகு நின்றது. மறுபடி எழுதுகிறாள் என்று காட்டியது. மறுபடி நின்றது. பஸ் சிக்னலைத் தாண்டித் திரும்பி மறையும் வரை அப்படியே இருந்தது, எழுத்து ஒன்றும் வரவில்லை.